பின்னால் வந்த முன்னோட்டம்



போன மாதம் தபால் அட்டையின் கதையை எழுதினேன். படித்தவர்களுக்கு நன்றி. படிக்காமலே கைகூப்பிய படம் போட்டவர்களுக்கும் நன்றி, யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை சினிமா. சரியாகச் சொன்னால் சினிமாகூட இல்லை, சினிமாவுக்கு முன்னால் ஓடும் இரண்டரை நிமிடம். டிரெய்லர். பதிவு நீளம்தான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எந்தப் பாடத்தையும் நான் சொல்லில் இருந்துதான் தொடங்குவேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டுவது. கரும்பும் ஏற்றலாம், கல்யாணத்துக்கு ஆளும் ஏற்றலாம். சினிமா டிரெய்லரும் அதே சொல்தான், அதே பொருள்தான். பின்னால் இழுபட்டு வருவது. அமெரிக்காவில் முதலில் அது படம் முடிந்த பிறகுதான் ஓடியது. படத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர். படம் முடிந்ததும் ஜனம் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டால் (அங்கே தொப்பியை எடுத்துக்கொண்டு) யார் பார்ப்பது? அதனால் வால் தலைக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழில் நாம் 'முன்னோட்டம்' என்கிறோம். அவர்கள் மொழியில் பின்னால் வருவது, நம் மொழியில் முன்னால் ஓடுவது. நம்முடைய சொல்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

முதல் டிரெய்லர் எது என்பதற்கு இரண்டு பதில் சொல்வார்கள். இரண்டும் 1913-ஐச் சுற்றியே வருகின்றன.

ஒன்று, நியூயார்க்கில் மார்கஸ் லோ என்பவருடைய தியேட்டர்களுக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த நில்ஸ் கிரான்லண்ட் செய்தது. 1913-இல் பிராட்வேயில் 'தி பிளெஷர் சீக்கர்ஸ்' என்ற இசை நாடகம் வரவிருந்தது. அதன் ஒத்திகையைப் படம் பிடித்து, ஒரு சின்னத் துண்டாக்கித் தியேட்டர்களில் ஓட்டினார். வேடிக்கையைப் பாருங்கள், முதல் சினிமா டிரெய்லர் என்று சொல்லப்படுவது ஒரு நாடகத்துக்கான விளம்பரம்.

இன்னொன்று எனக்கு அதிகம் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் 'கேத்லினின் சாகசங்கள்' என்று ஒரு தொடர்படம் ஆரம்பமானது. மொத்தம் 13 பகுதி. செலிக் நிறுவனம் எடுத்தது. கூடவே 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையில் கதையும் தொடராக வந்தது. கதை எங்கே நடக்கிறது தெரியுமா? இந்தியாவில். 'அலாஹா' என்று ஒரு சமஸ்தானம். எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கற்பனைதான். அங்கே போய் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் புலி, சிங்கம், யானை என்று ஒவ்வொரு பகுதியிலும் ஓர் ஆபத்து. ஒரு பகுதியின் முடிவில் அவளைச் சிங்கக் குழியில் விட்டுவிட்டு, தப்பிப்பாளா, அடுத்த பகுதியில் பாருங்கள் என்று திரையில் எழுத்துப் போட்டதாகச் சொல்வார்கள். அந்த எழுத்துத் துண்டுதான் டிரெய்லரின் விதை என்பது இரண்டாவது கட்சி.

முதலாவது, 'இதோ சரக்கு, பாருங்கள்' என்று கடை விரிப்பது. இரண்டாவது, கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. இன்று நீங்கள் கைப்பேசியில் பார்க்கும் எந்த டிரெய்லரிலும் இந்த இரண்டும் கலந்திருக்கும். எது தூக்கலாக இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

1919-இல் 'நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்' என்ற நிறுவனம் இதைத் தொழிலாகவே ஆக்கியது. ஆரம்பத்தில் ஸ்டூடியோக்களின் அனுமதிகூட இல்லாமல் படங்களின் புகைப்படங்களை வைத்தே துண்டுப்படம் தயாரித்துத் தியேட்டர்களுக்கு விற்றார்கள். பிறகு ஸ்டூடியோக்களே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி அந்த ஒரே கடையில் இருந்துதான் போயின. அதனால்தான் அக்காலத்து டிரெய்லர்கள் எல்லாம் ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெரிய பெரிய எழுத்து குறுக்கே ஓடும். நடிகர் பெயர் வரும். ஒரு முத்தம், ஒரு துப்பாக்கி, மறுபடி எழுத்து.

1927-இல் பேசும்படக் காலத்தைத் தொடங்கிவைத்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் டிரெய்லரில் ஜான் மில்ஜன் என்ற நடிகர் நேராக நம்மைப் பார்த்துப் பேசுவார். பேசும் படம் வருகிறது என்பதைப் பேசியே சொன்னார்கள்.

நம் பக்கம் அப்போது என்ன நடந்தது? மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, துண்டு நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். மஞ்சள், ரோஸ், பச்சைத் தாள்கள். என் வயதுக்காரர்கள் அதன் பின்னால் ஓடியிருப்பீர்கள். பிறகு ஒலிபெருக்கி வைத்த வாடகைக் கார் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு உண்மையான முன்னோட்டம் பாட்டுப் புத்தகம்தான். இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் சாணித்தாளில் எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ புத்தகம் போடுவார்கள். தியேட்டர் வாசலிலும் சந்தையிலும் சில்லறைக்குக் கிடைக்கும். எல்லாப் பாட்டும் இருக்கும். நடிகர் பட்டியல் இருக்கும். முன்பக்கத்தில் 'கதைச்சுருக்கம்' இருக்கும். அண்ணன் தங்கை, பண்ணையார், ஒரு கடன் பத்திரம், ஒரு தவறான சந்தேகம் என்று விறுவிறுவெனக் கதை போய்க்கொண்டே இருக்கும். நாயகி தன்னந்தனியாக மழையில் இறங்கி நடக்கும் இடத்தில் டக்கென்று நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

எங்கள் அப்பா சினிமாவுக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப் போக மாட்டார். ஆனால் பாட்டுப் புத்தகம் வாங்கி வருவார், அதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நானும் என் தங்கையும் அந்தக் கடைசி வரியில் இருந்து கதையைத் தொடங்குவோம். நான் எல்லோரையும் சேர்த்துவைப்பேன். அவள் எப்போதும் வில்லனைக் கிணற்றில் தள்ளுவாள். இப்படி நாங்கள் முடித்துவைத்த படங்கள் நிறைய. கல்யாணத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் அவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்தபோது, எங்கள் முடிவே மேல் என்று தோன்றியதும் உண்டு.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். அந்தக் கதைச்சுருக்கம் ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றது? கதை என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று ஆராய்ந்தவர்களைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

பல்கேரியாவில் பிறந்து பிரான்சில் குடியேறிய தோதரோவ் என்ற அறிஞர், கதைக்கு ஐந்து படி சொன்னார். முதலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏதோ ஒன்று அதைக் குலைக்கும். குலைந்ததை யாரோ உணர்வார்கள். சரிசெய்ய முயல்வார்கள். கடைசியில் ஒரு புதிய ஒழுங்கு வரும். அது பழைய ஒழுங்கு மாதிரி இருக்கும், ஆனால் அதுவே அல்ல. அவருக்கு முன்பே, 1928-இல், விளாதிமீர் புரோப் என்ற ரஷ்யர் நாட்டுப்புறக் கதைகளைப் பிரித்துப் போட்டு, எந்தக் கதையாக இருந்தாலும் அதில் வரும் நிகழ்வுகள் 31 வகைக்குள் அடங்கிவிடும், அவையும் ஒரே வரிசையில்தான் வரும் என்று காட்டினார். பெயர்களைக் கண்டு பயப்படாதீர்கள். நமக்கு ஒரு பாட்டியும் ஒரு காக்காவும் போதும்.

பாட்டி மரத்தடியில் வடை சுடுகிறாள். ஒழுங்கு. காக்கா ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு போகிறது. குலைவு. கிளையில் உட்கார்ந்திருக்கும் காக்காவை நரி பார்க்கிறது. உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடு என்கிறது. காக்கா வாயைத் திறக்கிறது.

இங்கே நிறுத்துங்கள். திரை இருட்டு. படத்தின் பெயர். அதுதான் டிரெய்லர்.

முதல் படியை நாலு விநாடியில் காட்டுவார்கள். இரண்டாவதை நன்றாகக் காட்டுவார்கள். மூன்றும் நான்கும் மின்னல் மாதிரி துண்டு துண்டாக வரும், வரிசைகூட இருக்காது. ஐந்தாவது வராது. அது டிக்கெட் வாங்கியவனுக்கு. வடை கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரியும்தான். ஆனால் இப்போதைய பிள்ளைகள் சொல்லும் கதையில் காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு அப்புறம் பாடுகிறது! ஆகவே அந்த வாய் திறக்கும் இடத்தில் நிறுத்தினால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது, இது பழைய காக்காவா, புதுக் காக்காவா என்று.

அடுத்தது, கதை எந்த வகை என்பது. அதே பாட்டி, அதே வடைதான். நீல நிற இருட்டில், ஒரு கை வடைகளை எண்ணுகிறது. பதினொன்று இருந்தது, பத்து இருக்கிறது. கடிகார ஓசை. இது குற்றப்படம். பாட்டியின் சுருங்கிய கை, அடுப்புப் புகை, ஓரத்தில் ஒரு பள்ளிப் பை, வயலின். இது பாசப்படம். வெற்றுக் கிளை, தாலாட்டை மிக மெதுவாக யாரோ முணுமுணுக்கிறார்கள், சிறகு படபடக்கிறது. பேய்ப்படம். நரி தொண்டையைக் கனைக்கிறது, பின்னணி இசை இசைத்தட்டில் ஊசி கீறியதுபோல் கிரீச்சென்று நிற்கிறது. சிரிப்புப் படம். ஐந்து வினாடி போதும், கண்டுபிடித்துவிடுவோம். ஸ்டீவ் நீல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 'வகை' என்பதைப் படத்துக்கும் பார்ப்பவனுக்கும் நடுவில் இருக்கும் எதிர்பார்ப்பாகப் பார்த்தார். எனக்கு அது சரியாகப் படுகிறது. பேய்ப்படம் என்று தெரிந்து போகிறவன் பயப்படத் தயாராகப் போகிறான். பாதி வேலையை அவன் வீட்டிலேயே முடித்துவிடுகிறான்.

லிசா கெர்னன் என்பவர் அமெரிக்க டிரெய்லர்களைப் பற்றி 2004-இல் ஒரு புத்தகம் எழுதினார். டிரெய்லர் நம்மை மூன்று வழியில் கூப்பிடுகிறது என்பது அவர் கணக்கு: கதையைச் சொல்லி, வகையைச் சொல்லி, நட்சத்திரத்தைச் சொல்லி. நம் ஊரில் மூன்றாவதும் இரண்டாவதும் ஒன்றாகிவிடும். எம்.ஜி.ஆர். படம் என்றால் அது ஆளின் பெயர் மட்டுமா? என்ன வகைப் படம், யார் ஜெயிப்பார்கள், அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வார் எல்லாம் அந்த மூன்றெழுத்தில் வந்துவிடும்.

இந்த விதிகளை நன்றாகத் தெரிந்தவர்கள் அவற்றோடு விளையாடியதும் உண்டு. அதில் மூன்றைச் சொல்லாமல் இந்தப் பதிவை விட மனம் வரவில்லை.

1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்'. ஆர்சன் வெல்ஸ் இதன் டிரெய்லருக்கென்றே தனியாகப் படம் பிடித்தார். நாலு நிமிடம். நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். பிறகு அவர்கள் கேன் என்ற மனிதனைப் பற்றி ஆளுக்கொன்றாகப் பேசுகிறார்கள், ஒருவர் புகழ, ஒருவர் திட்ட. கடைசிவரை கேன் முகம் இல்லை. கேனாக நடித்த வெல்ஸும் இல்லை, குரல் மட்டும்தான். அந்தப் படமே ஒரு மனிதனைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வதுதான். ஒரு காட்சியையும் காட்டாமல், படத்தின் எலும்பைக் காட்டிவிட்டார்.

1947-இல் வந்த 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்', கிறிஸ்துமஸ் தாத்தா கதை. ஸ்டூடியோ முதலாளி ஜானக், கோடையில்தான் கூட்டம் அதிகம் வரும் என்று கோடைத் தொடக்கத்திலேயே வெளியிடச் சொல்லிவிட்டார். வெயில் காலத்தில் கிறிஸ்துமஸ் படத்தை எப்படி விற்பது? டிரெய்லரில் ஒரு தயாரிப்பாளர் வருகிறார். தன் ஊழியர்கள் செய்த டிரெய்லரைப் பார்த்துவிட்டு, 'சிரிப்பு, காதல், விறுவிறுப்பு என்று எல்லாவற்றையும் ஒரே படத்துக்குப் போடுகிறீர்களே, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்' என்று எரிந்து விழுகிறார். பிறகு வளாகத்தில் சுற்றி, எதிர்ப்படும் நடிகர்களைக் கேட்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையைச் சொல்கிறார்கள். தாத்தா பற்றிப் பேச்சே இல்லை. வகை தெரியாமல் முழிப்பதையே வேடிக்கையாக்கி, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டார்கள்.

1960-இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. ஆறு நிமிடத்துக்கு மேல். சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுபவர் மாதிரி ஹிட்ச்காக்கே அந்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக்காட்டுகிறார். இங்கேதான் விழுந்தார், பயங்கரம், சரி வேண்டாம் என்று பாதிப் பாதியாகச் சொல்லி நிறுத்துகிறார். குளியலறைக்கு வந்து திரையை விலக்குகிறார், ஒரு பெண் அலறுகிறாள். அந்தப் பெண் படத்தின் நாயகி ஜேனட் லீ என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அல்ல. படத்தில் தங்கையாக வரும் வேரா மைல்ஸ், தலையில் பொய்முடி. கொலை நடக்கும் இடத்தையே காட்டிவிட்டார். ஆனால் பெரிய நட்சத்திரம் பாதிப் படத்துக்குள் செத்துப்போவாள் என்பதை யாராலும் ஊகிக்க முடியவில்லை, ஏனென்றால் எந்த வகைப் படத்திலும் அப்படி நடப்பதில்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு உத்தரவும் போட்டார்.

தொலைக்காட்சி வந்த பிறகு வேகம் கூடிவிட்டது. 1975-இல் 'ஜாஸ்' சுறாப்படத்துக்கு வெளியீட்டுக்கு முந்தைய மூன்று இரவுகள் தொலைக்காட்சியில் அரை நிமிட விளம்பரங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியீடு. முதல் நாளே கூட்டம் வந்தாக வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்து பலமாகப் பிடித்துக்கொண்டது. ஒரு படம் நூறு நாள் ஓடும் காலத்தில் டிரெய்லர் பொய் சொன்னால் இரண்டாவது வாரத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் மூன்று நாளில் பணம் எடுத்துவிடலாம் என்னும் காலத்தில் அந்தப் பயம் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கான டிரெய்லர்களுக்குக் குரல் கொடுத்த டான் லாஃபான்டைன் என்றொருவர் இருந்தார். 2008-இல் காலமானார். இடி மாதிரிக் குரல். 'ஓர் உலகத்தில்...' என்று அவர் ஆரம்பித்தால், எந்தக் காலம், எந்த ஊர், என்ன சட்டம் என்பதை ஒரே மூச்சில் சொல்லி நம்மை அங்கே இறக்கிவிடுவார். தோதரோவின் முதல் படியை இரண்டு சொல்லில் முடிப்பதுதான் அது. நம்முடைய 'ஒரு ஊரில்' அதே வேலையைத்தான் செய்கிறது, இடி இல்லாமல்.

மறைப்பது ஒரு பக்கம் என்றால், எல்லாவற்றையும் கொட்டிவிடுவது இன்னொரு பக்கம். 1991-இல் 'டெர்மினேட்டர் 2'. அர்னால்ட் இந்த முறை நல்லவர் என்பதைப் படம் முதல் அரை மணி நேரம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. டிரெய்லர் அதை முன்பே போட்டு உடைத்துவிட்டது. 2000-இல் 'காஸ்ட் அவே', தீவில் மாட்டிக்கொண்டவன் திரும்பி வந்துவிடுவதையும் டிரெய்லரில் காட்டினார்கள். இயக்குநர் ஸெமெக்கிஸ் அதற்காக வருந்தவில்லை. ஜனங்களுக்குத் தட்டில் என்ன வரும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் பிடிக்கும், மெக்டொனால்ட்ஸ் கடைக்குப் போவதுபோல என்று வாதாடினார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு கூத்தை நினைத்துக்கொண்டேன். திரௌபதியின் சபதம் நிறைவேறும் என்று தெரியாதவர் யார்? தெரிந்தும் விடிய விடியப் பாயில் உட்கார்ந்திருக்கிறோமே. ஆனால் கூத்து பார்ப்பவன் முடிவு தெரிந்ததால் வருகிறான். கரை ஏறுவானா என்று தவித்துக்கொண்டு உட்கார வேண்டிய கதைக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா?

இதை எல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு மாணவன். பெயரோ படமோ சொல்லப்போவதில்லை, அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது சென்னையில் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் எழுத்தே ஒழுங்காக வராது, ஆனால் கதை சொல்லச் சொன்னால் வகுப்பே அடங்கிவிடும். ஒரு அப்பாவும் மகளும் பூர்வீக வீட்டை விற்கும் கதைக்கு அவன் டிரெய்லர் வெட்டினான். அமைதியான படம். அதில் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நாற்பது விநாடிக்கு ஒரு கைகலப்பு வருகிறது. அந்த நாற்பது விநாடியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டு, மேளத்தை ஏற்றி, அடிதடிப் படம் மாதிரி ஆக்கச் சொன்னார்கள். செய்தான். முதல் நாள் அடிதடி பார்க்க வந்த பையன்கள் இடைவேளையில் கத்திவிட்டுப் போனார்கள். அந்த அப்பா மகள் கதையை ரசித்திருக்கக் கூடியவர்கள், அடிதடி என்று நினைத்து வரவே இல்லை. மூன்றாம் நாள் படம் தூக்கப்பட்டது. டிரெய்லரைப் பார்த்த அவன் அம்மா, "இது நீ சொன்ன கதை இல்லையேடா" என்றாராம். "டீச்சர், இது பொய்க் கணக்கில் வருமா?" என்று இரவு பதினொன்றரைக்குச் செய்தி அனுப்புகிறான்.

வெட்டி ஒட்டினால் எதையும் எதுவாகவும் ஆக்கலாம் என்பது தெரிந்த விஷயம்தான். குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறு ஆண்டுக்கு முன்பே இதைச் சோதித்தார். ஒரு நடிகரின் அசையாத முகம். அதற்கு அடுத்து ஒரு சூப் கிண்ணத்தைக் காட்டினால் பசி தெரிந்தது. சவப்பெட்டியைக் காட்டினால் துக்கம் தெரிந்தது. முகம் ஒன்றுதான். 2005-இல் நியூயார்க்கில் ராபர்ட் ரையாங் என்ற உதவிப் படத்தொகுப்பாளர் ஒரு போட்டிக்காக 'தி ஷைனிங்' என்ற பயங்கரப் படத்தை எடுத்து, உற்சாகமான ஒரு பாட்டைச் சேர்த்து, அப்பாவும் பிள்ளையும் ஒன்றுசேரும் குடும்பப் படமாக டிரெய்லர் வெட்டிக் காட்டினார். கோடரியோடு துரத்தும் அப்பாவைப் பார்த்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அது விளையாட்டு, போட்டி என்று எல்லோருக்கும் தெரியும். அதையே பணம் வாங்கிக்கொண்டு செய்தால்?

நீதிமன்றம் வரை போயிருக்கிறது இந்தக் கேள்வி. 'யெஸ்டர்டே' என்ற 2019-ஆம் ஆண்டுப் படத்தின் டிரெய்லரில் அனா டி அர்மாஸ் என்ற நடிகை வருகிறார். படத்தில் அவர் காட்சிகளையே வெட்டிவிட்டார்கள். டிரெய்லரை நம்பி ஆளுக்கு 3.99 டாலர் கொடுத்துப் படம் பார்த்த இரண்டு ரசிகர்கள் யுனிவர்சல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். டிரெய்லரும் ஒரு கலைப்படைப்பு, அதை விளம்பரச் சட்டத்தில் கொண்டுவரக் கூடாது என்றது நிறுவனம். 2022 டிசம்பரில் நீதிபதி அதை ஏற்கவில்லை. என்னதான் கைத்திறன் இருந்தாலும் டிரெய்லர் ஒரு விளம்பரமே, பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றார்.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு. 2016-இல் ஷாருக்கானின் 'ஃபேன்'. விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வந்த ஒரு பாட்டு படத்தில் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒருவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அவரும் ஓர் ஆசிரியைதான்! (எங்கள் இனம் சும்மா இருக்காது.) மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விளம்பர டிரெய்லர் ஒரு தரப்பாகச் சொல்லப்படுவது, படம் பார்க்க வரும்படி ஊக்கப்படுத்துவது, அது ஒப்பந்தமோ வாக்குறுதியோ ஆகாது, அதில் காட்டியது படத்தில் இல்லை என்பது சேவைக் குறைபாடும் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருவர் வழக்குப் போட்டால் யாரும் படம் எடுக்க முடியாது. ஒரு பாட்டு விடுபட்டது எனக்கும் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனால் நான் அந்த மாணவனுக்கு எழுதியது வேறு.

ஹிட்ச்காக் ஆளை மாற்றி ஏமாற்றினார், யாரும் கோபப்படவில்லை. 1947-இல் தாத்தாவையே ஒளித்துவைத்தார்கள், அதற்கும் யாரும் கோபப்படவில்லை. பாட்டுப் புத்தகக்காரர் மழையில் நாயகியை நிற்கவைத்துவிட்டுப் போனார், அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதைதான். இவர்கள் எல்லோரும் மறைத்தது, காட்டியதைவிடப் பெரியது. உள்ளே போனவனுக்குக் கேட்டதற்கு மேல் கிடைத்தது. உன்னிடம் செய்யச் சொன்னது தலைகீழ். காட்டியது பெரிது, உள்ளே அது இல்லை. கதையை மறைக்கலாமப்பா, வகையை மாற்றக் கூடாது. அடிதடி என்று சொன்னால் அவன் அடிதடிக்கு மனதைத் தயார் செய்துகொண்டு வருகிறான், அந்த மனதோடு அப்பாவின் கண்ணீரைப் பார்க்க அவனால் முடியாது. பொய்க் கணக்கில்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கு உன் ஒருவன் பெயரில் எழுதப்பட வேண்டியது அல்ல.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் முதல் படி 'ஆர்வமூட்டல்'. பாடத்துக்குள் போகும் முன் ஒரு கேள்வியோ படமோ சின்னக் கதையோ. ஐந்து நிமிடம். என்னோடு பயிற்சி பெற்ற ஒருத்தி நீராவி பற்றிய பாடத்துக்கு மந்திரவாதி வேடிக்கை காட்டி ஆர்வமூட்டினாள். பிள்ளைகள் அந்த மணி நேரம் முழுக்க முயல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொதிக்கும் கெட்டிலை ஒருவரும் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினார்: ஆர்வமூட்டல் பாடத்தோடு பொருந்தவில்லை. இதையும் அவனுக்கு எழுதி அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. ஓ.டி.டி.யில் படம் வரும்போது வேறு டிரெய்லர் வெட்ட இயக்குநரைக் கேட்டிருக்கிறானாம். வெறும் வீடு, வாசல் திண்ணை, சாவிக்கொத்து, மகள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள், அப்பா பதில் சொல்ல வாயைத் திறக்கிறார், இருட்டு. அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது இன்னும் தெரியவில்லை. இந்தப் பதிவு போடும்வரை தகவல் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஒரு மழைக்கு ஓடு ஒழுகிப் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழையது ஏதாவது இருந்தால், கதைச்சுருக்கம் உள்ள பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பாட்டுகள் வேண்டாம், அவை எனக்கு மனப்பாடம். என் தங்கையும் பேரன் வீட்டில் இருந்து இந்த மாதக் கடைசியில் வருகிறாள். கிணறு இன்னும் தூர்ந்துபோகவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.